சைமனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

காணாமப் போன வாரிசு திரும்பி வர்ற கதைன்னா, "இவன் நிஜமா, போலியா?" என்பதுதான் கடைசிவரை சஸ்பென்ஸ். ஜோசஃபின் டே 1949-ல் எழுதிய 'பிராட் ஃபாரர்' நாவல் அதை ஆரம்பத்துலயே போட்டு உடைச்சிடுது. பிராட் போலி. நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இங்கிலாந்து கிராமம், லாட்செட்ஸ்னு ஒரு எஸ்டேட், நிறைய குதிரைங்க. 13 வயசுல பேட்ரிக் காணாமப் போறான். தற்கொலைன்னு முடிவு பண்ணிடுறாங்க. 8 வருஷம் கழிச்சு, இரட்டைத் தம்பி சைமனுக்கு 21 வயசாகி சொத்து கைக்கு வரப்போற நேரத்துல, அச்சு அசலா அதே முகத்தோட பிராட் வந்து நிக்கிறான். (இந்த ஒற்றுமைக்குப் பின்னாடி சொல்ற காரணம் எனக்குக் கொஞ்சம் வசதியாத்தான் தோணுச்சு.)

நிஜ வாழ்க்கையில டிச்போர்ன் வழக்கு இருக்கு. காணாமப் போன ரோஜர் பாரிஸ்ல வளர்ந்தவர். 1866-ல் 'நான்தான் ரோஜர்'னு வந்தவருக்கோ பிரெஞ்சே வரல! பிராட் அப்படி மாட்டல. லோடிங் என்ற நடிகர் அவனுக்கு வீட்டு விவரம் மொத்தத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கார். நம்ம பாஷைல, செக்யூரிட்டி கேள்விக்கான பதிலெல்லாம் லீக் ஆகிடுச்சு. வக்கீலே நம்பிடுறார். அத்தை பீயும் ஏத்துக்கிறாங்க.

ஆனா இவன் பேட்ரிக் இல்லைன்னு சைமனுக்கு மட்டும் உறுதியாத் தெரியுது. சந்தேகம் இல்ல, உறுதி. எப்படி? நிஜ பேட்ரிக்குக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவனால மட்டும்தான் அப்படி இருக்க முடியும். இங்கேதான் ஏமாத்த வந்தவன் துப்பறிவாளன் ஆகிறான். உண்மையைக் கண்டுபிடிச்சாலும் வெளியே சொல்ல முடியாது. சொன்னா, முதல்ல மாட்டுறது அவனேதான்.