உங்களுக்குத் தெரியுமா? சுவர் ஈன்ற தீவு

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினின் வடபுறத்தே, கிளான்டார்ஃப், ரஹேனி என்னும் புறநகர்களின் கரையோரமாக ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் 'புல்' (Bull) தீவு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேசப்படங்களில் காணப்படாத நிலப்பரப்பு என்பதை அறியுங்கால் வியப்பே மேலிடுகிறது. லிஃபி நதியின் முகத்துவாரத்தில் மணல்மேடு குறுக்கிட்டுக் கிடந்தமையால், கப்பல்கள் ஓதம் பெருகும்வரை வெளிக்கடலிலேயே காத்துக்கிடக்க நேர்ந்த அக்காலத்தில், 'பௌண்டி' கப்பற்கலகத்தால் பிரசித்தி பெற்ற வில்லியம் பிளை என்பவரே 1800-ஆம் ஆண்டையொட்டி டப்ளின் விரிகுடாவை அளந்து ஆராய்ந்தார். அம்மணல்மேட்டை அகற்றும் பொருட்டு, முகத்துவாரத்தின் தென்புறத்தே ஏற்கெனவே இருந்த தென்சுவருக்கு எதிரே, கிளான்டார்ஃபிலிருந்து கடலுக்குள் நீளும் வடசுவர் 1820-களின் மத்தியில் நிறைவெய்தியது. இதன் யுக்தி உண்மையிலேயே மெச்சத்தக்கது: சுவரின் வெளிமுனை ஓதப்பெருக்கில் மூழ்கியிருக்கும், நீர் பாதி வடிந்த பின்னரோ, எஞ்சிய வெள்ளம் இரு சுவர்களுக்கிடையே நெருக்குண்டு வேகங்கொண்டு பாய்ந்து, மணல்மேட்டைத் தானே அரித்து ஆழப்படுத்திவிடும். மனிதர் தூர்வார வேண்டிய வேலையைக் கடலைக்கொண்டே செய்வித்த அப்பொறியியல் ஞானம் போற்றுதற்குரியது.

சுவரின் வடபக்கத்தே ஆண்டுதோறும் மணல் படிந்து, புல் முளைத்து, யாரும் திட்டமிடாத தீவொன்று உருவாயிற்று. 1931-இல் பறவைகள் சரணாலயமாகவும், 1981-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அது அறிவிக்கப்பட்டது. கனடாவின் ஆர்க்டிக் பிரதேசத்தினின்று கடல் கடந்து வரும் பிரென்ட் வாத்துகளுள் பல குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன.