பாதயாத்திரைக்குப் புறப்படுமுன்: உணவும் மருந்தும் எங்கே, எப்போது?

கார்த்திகைத் தீபம் நெருங்கும் நாள்களில், திருவண்ணாமலைக்கு நடந்து செல்ல வேண்டிக்கொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதற்கேள்வி, ‘நான் நடக்கலாமா?’ என்பதாகும். நோய் கட்டுப்பாட்டில் உள்ள பலருக்கு ‘நடக்கலாம்’ என்பதே விடை. ஆயினும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோருக்கு நடையைவிட, நேரம் தவறிய உணவே பெரிய இடராகும். எந்த ஊரில் உண்பது, அதுவரை கையில் எதைக் கொண்டு செல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் யாத்திரையில், தங்குமிடங்கள் மரபாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. அந்த ஒழுங்கு நோயாளிகளுக்கு மிகவும் ஏற்றது.

வழியைப் பகுத்துக்கொள்ளுதல்

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கிருந்து மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு, நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் என்பதே போதுமான அளவு. செங்கத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட நீண்ட தொலைவை ஒரே நாளில் முடிக்க முயலாமல், இடையில் ஓர் இரவு தங்குவது நல்லது. திருவண்ணாமலையை அடைந்தபின் 14 கிலோமீட்டர் கிரிவலமும் உண்டு என்பதைக் கணக்கில் கொள்க.

ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: காலை உணவு எந்த ஊரில், நண்பகல் உணவு எந்த ஊரில், இரவுத் தங்கல் எங்கே, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. தாளின் ஒரு படியை வீட்டாரிடமும், மற்றொன்றை உடன் நடப்பவரிடமும் கொடுங்கள்.

எவ்வளவு உணவு தேவை?

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ 50 கலோரி செலவாகிறது. 25 கிலோமீட்டர் நடந்தால், நடக்கும் நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 1,250 கலோரி செலவாகும். எனவே, வீட்டில் உண்ணும் அளவே வழியிலும் போதும் என்று எண்ணுதல் தவறு.

ஐந்து நாள் உணவையும் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த ஊர்வரை தேவையானதும், அது கிடைக்காவிட்டால் ஒருவேளைக்கு உதவுவதும் பையில் இருந்தால் போதும். வறுத்த கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, அவல், வறுத்த ராகி மாவு ஆகியவை கெடாதவை, எடையும் குறைவு. தயிர்ச்சோறு போன்ற ஈரமான உணவைச் சில மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் குடிநீரை நிரப்பிக்கொண்டு, உண்டு தீர்ந்ததை வாங்கி வைத்துக்கொண்ட பின்னரே மேலே நடக்க வேண்டும்.

அன்னதானம் கிடைக்கும் என்று நம்பி வெறும் பையுடன் செல்லாதீர்கள். அது கிடைக்கும் நேரம் நம் கையில் இல்லை. சர்க்கரைப் பொங்கலோ கேசரியோ தரப்பட்டால், ஒரு வாய் மட்டும் பிரசாதமாக ஏற்றுக்கொண்டு, நோயைச் சொல்லி மறுத்துவிடலாம்.

மருந்தை வழியில் தேடாதீர்கள்

உணவை வழியில் வாங்கலாம். உங்களுக்கு எழுதப்பட்ட அதே இன்சுலின் சிற்றூர்க் கடையில் கிடைக்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே, யாத்திரை நாள்களுக்கும் கூடுதலாக மூன்று நாள்களுக்கும் உரிய மருந்தை எடுத்துக்கொண்டு, இரு பைகளில் பிரித்து வையுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினில் பெரும்பாலான வகைகள் 30 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாள்கள் கெடாமல் இருக்கும். அதனை வெயிலிலும், நிறுத்திய வாகனத்திலும் வைக்கலாகாது. பனிக்கட்டியின்மேல் நேராக வைக்கவும் கூடாது.

சர்க்கரை தாழ்ந்தால்

இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு நீண்ட நடையின்போது இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். நடந்து முடித்த அன்றிரவு உறக்கத்திலும் அது நேரலாம். எனவே, இரவு உணவைத் தவிர்க்கக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம், பொருந்தாப் பேச்சு ஆகியவை அடையாளங்கள். களைப்பு என்று எண்ணித் தொடர்ந்து நடக்காதீர்கள்.

உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் மீண்டும் பருக வேண்டும். தெளிந்தபின் அவலோ வாழைப்பழமோ உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். முன்னே சென்றுவிடும் வாகனத்தில் இருந்து பயனில்லை.

பிற நோயுள்ளோர்

உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் ஊறுகாய், அப்பளம், உப்பு மிகுந்த மோர் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளோருக்கு இளநீரும் வாழைப்பழமும் தீங்கு செய்யலாம்; அவற்றிலுள்ள பொட்டாசியம் உடலில் தங்கிவிடும். அவர்களும் இதய நோயுள்ளோரும் உப்பு-சர்க்கரைக் கரைசலையும் நீரின் அளவையும் மருத்துவர் சொற்படியே கொள்ள வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் நடத்தல் அறவே கூடாது.

புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், நீங்கள் எழுதிய வழித்தாளுடன் மருத்துவரைக் காணுங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம். அண்மையில் மாரடைப்பு கண்டவருக்கோ, காலில் ஆறாப் புண் உள்ளவருக்கோ மருத்துவர் ‘இவ்வாண்டு வேண்டாம்’ என்று கூறினால், வீட்டாரும் அவரை வற்புறுத்தலாகாது. பேருந்தில் சென்று வழிபட்டாலும் வேண்டுதல் நிறைவேறும்; உடல்நலம் தேறினால் அடுத்த ஆண்டு நடக்கலாம்.