பந்து கையில் இல்லாத 36 நிமிடங்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் கோவைக் கல்லூரி மைதானங்களில் செலக்‌ஷன் டிரையல்ஸ் தொடங்கிவிடும். சூலூரிலிருந்து கிளம்பும் பையன் திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் வந்து, ஹோப் காலேஜ் வழியாகப் பீளமேடு போய் இறங்குவான். தோளில் ஷூ பை, கையில் சர்டிஃபிகேட் ஃபைல், துணைக்கு அப்பாவோ மாமாவோ. "நல்லா பாஸ்கெட் போடுவானுங்க சார், போன மேட்ச்சுல இவன்தான் டாப் ஸ்கோரர்" என்பார் அப்பா. எதிரே நிற்கும் உடற்கல்வி இயக்குநர் தலையாட்டிக்கொள்வார். ஆனால் அன்றைக்கு அவர் பார்க்கப்போவது பெரும்பாலும் வேறு.

அது என்ன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம், பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. களத்தில் 10 பேர், பந்து ஒன்று. சரிசமமாகப் பங்கு போட்டாலும் ஒருவன் கையில் பந்து இருக்கப்போவது 4 நிமிடம். டாப் ஸ்கோரர் பட்டமெல்லாம் அந்த 4 நிமிடத்துக்கு உரியது. மிச்சம் 36 நிமிடம் பையன் என்ன செய்கிறான் என்பதுதான் கல்லூரிக்கு ஆள் எடுப்பவரின் கேள்வி.

அமெரிக்காவில் இதே வேலை பெரும் பணம் புரளும் தொழில். பள்ளி இறுதியாண்டு நட்சத்திரங்களை ஓரிடத்தில் சேர்த்து, இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடும் 'ஆல் ஸ்டார்' ஆட்டங்கள் அங்கே பிரபலம். 1970களின் கடைசியில் தொடங்கிய மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் ஆட்டம் அவற்றில் தலையானது. நாடு முழுக்கச் சலித்து ஆண்களில் 24 பேர், பெண்களில் 24 பேருக்குத்தான் இடம். கல்லூரிகள் ஆள் பிடிப்பது அங்கேதான் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அந்த ஆட்டம் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ நடக்கும்போது, பெரும்பாலான பிள்ளைகள் எந்தக் கல்லூரி என்று முந்தைய நவம்பரிலேயே உறுதி செய்திருப்பார்கள். களத்தில் டிஃபன்ஸ் ஆட யாருக்கும் மனம் வராது. டங்க் அடிப்பது, தூரத்திலிருந்து எறிவது, கைதட்டல் வாங்குவது, அவ்வளவுதான். அதனால் விவரமான ஸ்கவுட்டுகள் ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய நாட்களின் பயிற்சியைத்தான் ஊன்றிப் பார்ப்பார்கள். திட்டு வாங்கியவன் அடுத்த நிமிடம் எப்படி ஓடுகிறான் என்பது அங்கேதான் தெரியும்.

ஒரே ஆட்டத்தை வைத்து எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊரிலேயே கதைகள் உண்டு. 1981 ஆட்டத்தில் ஒரு பையன் 30 புள்ளி எடுத்து, கடைசி நேர ஃப்ரீ த்ரோக்களில் அணியை ஜெயிக்கவும் வைத்தான். சிறந்த ஆட்டக்காரர் விருது வேறு இருவருக்குப் போனது. அந்தப் பையன் மைக்கேல் ஜோர்டன். ஸ்டெஃபன் கரிக்கு அந்த ஆட்டத்துக்கான அழைப்பே வரவில்லை. ஒல்லி உடம்பு, உயரமும் போதாது என்று பெரிய கல்லூரிகள் ஒதுக்கின. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி எடுத்துக்கொண்டது. தூரத்து ஷாட்டைப் பற்றிய உலகத்தின் நினைப்பையே பின்னாளில் மாற்றியவர் அவர்.

நம் பக்கம் ஆல் ஸ்டார் ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதற்கு நெருக்கமாக வருவது மாவட்ட, மாநில அணிக்கான தேர்வு முகாம். பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுமையத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும். அங்கிருந்து பொறுக்கப்படுபவர்கள் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிக்குப் போவார்கள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு.

இதில் சூலூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பையன் ஏறும் ஏணி மேலே சொன்னது. விமானப்படைத் தளத்துக் கேந்திரிய வித்யாலயாவில் படிப்பவனுக்கு ஏணியே வேறு. கேந்திரிய வித்யாலயா சங்கதன் தனி அணியாகவே தேசியப் போட்டிக்குப் போகும். சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு கிளஸ்டர் போட்டி என்று மூன்றாவது ஏணி. ஒரே ஊரில், ஒரே சாயங்காலம் பயிற்சி எடுக்கும் மூன்று பேர் பள்ளிப் பருவம் முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதாமலேயே பிளஸ் டூ முடிக்கலாம். யார் கெட்டிக்காரன் என்று ஒப்பிட அவர்களை ஒரே களத்தில் பார்த்தால்தான் உண்டு. கல்லூரி டிரையல்ஸ் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த ஊரில் ஸ்கவுட் என்று சம்பளம் வாங்குபவர் யாரும் இல்லை. அந்த வேலையைச் செய்பவர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். ஆட்டக்காரர்களுக்கு அவர் பி.டி. சார். ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலோ, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்விக் கல்லூரியிலோ படித்தவர்கள் கொங்குப் பள்ளிகளில் நிறையப் பேர். கல்லூரி பி.டி.யும் பள்ளி பி.இ.டி. வாத்தியாரும் பல சமயம் ஒரே பேட்ச்சாக இருப்பார்கள். "ஒரு பையன் இருக்கானுங்க, வந்து பாருங்க" என்ற ஒரு போன்தான் இங்கே ஸ்கவுட்டிங் ரிப்போர்ட். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன் பண்ண ஆள் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளை இதில் விடுபட்டுப் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போட்டிகளும் ஊரிலேயே உண்டு. அகில இந்திய அளவில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை போன்றவை கோவையில் பல்லாண்டுகளாக நடக்கின்றன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., விமானப்படை போன்ற பெரிய அணிகளின் ஆட்டத்தைக் கொங்குப் பிள்ளைகள் கேலரியில் உட்கார்ந்து பார்த்தே வளர்கிறார்கள். ஒரு பிளஸ் ஒன் பையன் அங்கே ஸ்கோர் போர்டைப் பார்க்கிறானா, பந்து இல்லாதவர்களின் கால் அசைவைப் பார்க்கிறானா என்பதை வைத்தே அவன் எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, டிரையல்ஸில் என்ன பார்க்கிறார்கள்? முன்பின் தெரியாத ஐந்து பேரை ஓர் அணியாக நிறுத்துவார்கள். கிடைப்பது சில நிமிடம். அதற்குள் தன்னைக் காட்டிவிட வேண்டும் என்று பந்து கிடைத்தவனெல்லாம் கூடையை நோக்கி எறிவான். பார்ப்பவருக்கு அது சலித்துப்போன காட்சி. எதிராளி ஷாட் எடுத்ததும் முதுகால் அவனை அடைத்து ரீபவுண்டுக்கு இடம் பிடிக்கிறானா? பந்து பறிபோன நொடியில் திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நடுவரைப் பார்க்கிறானா? கூட ஆடுபவன் ஏமாந்தால் தானாக நகர்ந்து அந்த ஓட்டையை அடைக்கிறானா? டிஃபன்ஸில் வாய் திறந்து பேசுகிறானா? பேசாத பையன்கள் நம் பக்கம் அதிகம். அடக்கமாக இருக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். களத்தில் அந்த அடக்கம் உதவாது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்கிறான் என்பதையும் கவனிப்பார்கள். மாற்று ஆளாக வெளியே வந்தவன் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக ஒதுங்கினால் அது ஒரு குறிப்பு. ஆட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் அது வேறு குறிப்பு.

ஷாட்டைப் பார்க்கவே மாட்டார்கள் என்றில்லை. பந்து உள்ளே விழுந்ததா என்பதைவிட, முழங்கை எங்கே இருந்தது, மணிக்கட்டு எப்படி மடங்கியது, களைத்த பிறகும் அதே மாதிரி வருகிறதா என்று பார்ப்பார்கள். வடிவம் சரியாக இருந்தால் கோல் தானாக வரும். பழகிப்போன தப்பான வடிவத்தை 18 வயதில் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது உயரம். கூடை 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிற விளையாட்டில் இதைத் தவிர்க்க முடியாது. சுழி பார்த்து மாடு பிடிக்கிற சீமை இது, பி.டி. சாரும் பையனின் உள்ளங்கை, ஷூ சைஸ், விரித்த கைகளின் நீளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விடுவார். "அம்மா எவ்வளவு உயரம்?" என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா, அம்மா உயரங்களைச் சென்டிமீட்டரில் கூட்டி, பையன் என்றால் 13 கூட்டி, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய வரும். அப்பா 170, அம்மா 158 என்றால் பையனுக்கு 170.5. மதிப்பீடுதான், சில சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போகலாம். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தாண்டும்போதே முழு உயரத்தை நெருங்கிவிடுவார்கள். பையன்கள் சிலர் பிளஸ் டூவுக்குப் பிறகும் வளர்வார்கள். கல்லூரியில் வந்து நெடுநெடுவென்று வளர்ந்தவனைப் பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள்.

இதன் மறுபக்கம் முன்னதாகவே வளர்ந்தவர்கள். 14 வயதிலேயே மீசை முளைத்து, உடம்பு வலுத்தவன் சக வயதுப் பிள்ளைகளை இடித்துத் தள்ளிக் கோப்பை வாங்குவான். நான்கு வருடம் கழித்து மற்றவர்கள் எட்டிப்பிடித்ததும் அவனிடம் கைத்திறன் குறைவு என்பது வெளிப்படும். சிலர் வயதையே குறைத்துக் காட்டுவதும் உண்டு. அதைத் தடுக்க மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-இல் தேசிய விதிமுறை கொண்டுவந்தது. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. எந்தச் சோதனையும் இல்லாமலே அனுபவப்பட்ட பி.டி.க்குப் பழைய குரூப் போட்டோ ஒன்று போதும்.

இதுவரை சொன்னது கண்ணால் செய்யும் தேர்வு. தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்திலேயே காகிதத் தேர்வு ஒன்றும் ஓடுகிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். எம்.பி.பி.எஸ்.ஸில் 7. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. அங்கே யாரும் பையனை ஓடச் சொல்லிப் பார்ப்பதில்லை. எந்த அளவுப் போட்டி, என்ன இடம், எந்த அமைப்பு கொடுத்த சான்றிதழ் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முறைகேட்டுக்கு இடம் குறைய இது வேண்டியதுதான். ஆனால் மாநில அணியில் சேர்ந்து தேசியப் போட்டி முழுக்க பெஞ்சில் இருந்தவனுக்குக் கிடைக்கும் தாள், மாவட்ட அளவில் அணியையே தோளில் சுமந்தவனுக்குக் கிடைக்காது. தனியார் கல்லூரி டிரையல்ஸ் இந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்டுகிறது. சான்றிதழ் மெலிதாக இருந்தாலும் ஆட்டம் பேசினால் அங்கே சீட் கிடைக்கும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு 2 கூடுதல் இடம் ஒதுக்குகிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும் என்பதால் அது வெகு சிலருக்கே எட்டும்.

அமெரிக்கக் கனவும் இப்போது வீடுகளில் எட்டிப்பார்க்கிறது. பஞ்சாப் கிராமத்திலிருந்து சத்னம் சிங் 2010-இல் ஃப்ளோரிடா போய், கல்லூரி ஆட்டம் ஆடாமலே 2015-இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணியால் என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்டார். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கும், என்.பி.ஏ. அகாடமி இந்தியாவின் அமான் சந்து மான்மவுத் பல்கலைக்கழகத்துக்கும் உதவித்தொகையில் போனார்கள். மூவருமே பள்ளி வயதில் அகாடமி, முகாம் என்று கண்ணில் பட்டவர்கள். பிளஸ் டூ முடித்தபின் வீடியோ அனுப்பிப் பார்ப்பது பெரும்பாலும் காலம் தாழ்ந்த முயற்சி.

ஆகவே சூலூர் வீட்டுக்குப் பேச்சு மறுபடி கோவைக் கல்லூரிக்கே வரும். டிரையல்ஸில் தேறினால் என்ன கிடைக்கும்? சலுகைகளில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் உண்டு. கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, ஹாஸ்டல், மெஸ் இலவசம் என்பது மேல்தட்டுச் சலுகை. பாதிக் கட்டணம், சீட் மட்டும் என்று படிப்படியாக இறங்கும். இங்கே பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. சலுகை எல்லா ஆண்டுக்கும் உண்டா, ஆண்டுக்காண்டு புதுப்பிப்பார்களா? ஏற்கெனவே அதே பொசிஷனில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. கொடுப்பார்களா, அந்த நாட்களில் தவறிய லேப், இன்டர்னல் பரீட்சை எப்போது நடக்கும்? அரியர் விழுந்தால் அணியில் வைத்திருப்பார்களா? மூன்றாம் வருடம் முடித்த சீனியர் ஒருவனைத் தனியாகப் பிடித்துப் பேசினால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று, அநேகமாக யாருமே கேட்காதது. குதித்து இறங்கி, வெட்டித் திரும்பும் ஆட்டம் இது. முழங்கால் தசைநார் அறுந்தால் ஆபரேஷன், அதன் பிறகு மாதக்கணக்கில் ஓய்வும் பயிற்சியும். ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, ஆட முடியாத அந்த வருடம் ஃபீஸ் சலுகை தொடருமா என்பதைச் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். எழுதித் தரத் தயங்கும் கல்லூரியென்றால் அடுத்த டிரையல்ஸுக்கும் பையனை அழைத்துப்போய்ப் பார்க்கலாம்; ஊரில் கல்லூரிக்கா பஞ்சம்.