அடுத்த போகத்துக்கு ஆள் வேண்டும்

பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியில் கிழக்கே திரும்பினால் சில கிலோமீற்றரிலேயே முரசுமோட்டை. மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வீதியின் பாதியை நெல்லுக்கு விட்டுக்கொடுத்துத்தான் போகவேண்டும். காலபோக அறுவடை முடிந்த கையோடு நெல்லைத் தார் வீதியோரம் கொட்டிப் பரவி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக் காயவிடுவது இந்தப் பகுதியின் வழக்கம். வாகனக்காரர்கள் முணுமுணுத்தாலும் ஒதுங்கித்தான் போகிறார்கள்.

இதே வீதியால்தான் போருக்குத் தப்பி 2008 இன் கடைசி நாட்களில் வன்னிச் சனம் கிழக்கு நோக்கி நகர்ந்தது. 2009 ஜனவரி 1 இல் பரந்தனும் மறுநாள் கிளிநொச்சி நகரமும் இராணுவத்தின் கைக்குப் போயின. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் ஊராகக் கைவிட்டுப் போன சனம் மே மாதம் முள்ளிவாய்க்காலில் போக இடமில்லாமல் நின்றது. உயிர் தப்பியவர்களில் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய தொகையினர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

இவ்வளவையும் கண்ட மனிதர்கள் ஊருக்கு வந்து ஏன் மறுபடி விதைத்தார்கள்? வாழ்க்கை வாழத் தக்கதா என்பது தத்துவ நூல்களில் நிதானமாக அலசப்படும் கேள்வி. வன்னியில் அது தறப்பாள் கொட்டிலுக்குள் வந்து நின்ற கேள்வி. கூரை இல்லாத வீடு, தூர்ந்த கிணறு, கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று தெரியாத காணி, ஆட்கள் குறைந்துபோன குடும்பம். இவற்றுக்கு நடுவில் ஒருவர் காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அந்தக் காரணங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவையாகவே இருந்தன. கிணறு இறைக்க வேண்டும். பக்கத்து வளவுக்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மழைக்கு முன்னர் உழவு இயந்திரத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஐப்பசி மழையை யாரும் ஒத்திவைக்க முடியாது. விதைக்கிற கிழமையில் விதைக்காவிட்டால் அந்தப் போகம் போய்விடும். துக்கத்தில் இருப்பவரைக்கூட வயல் வந்து கூப்பிட்டது என்றே சொல்ல வேண்டும். மனிதருக்குத் தாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு போனால்தான் வாழ்க்கை உண்மையில் வெறுமையாகிறது. வன்னியின் மண்ணும் தண்ணீரும் அந்த உணர்வை விட்டுவைத்தன.

தண்ணீர் என்றால் இங்கே இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் கட்டத் தொடங்கி, முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்த குளம். பிறகு பல தடவை அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுதான். இதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். முரசுமோட்டை, ஊரியான், பன்னங்கண்டி எல்லாம் இந்தக் குளத்தின் தயவில் இருக்கும் ஊர்கள். காலபோகம் மழையை நம்பியும் நடந்துவிடும், சிறுபோகம் முழுக்கக் குளத்துத் தண்ணீர். ஆண்டுதோறும் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று முடிவெடுப்பார்கள். சண்டையும் சத்தமும் இல்லாத கூட்டம் அது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் குரல் உயர்த்துகிற ஒவ்வொருவரும் அடுத்த நாலு மாதத்தை நம்பித்தான் உயர்த்துகிறார்கள்.

ஊரின் சந்தோசங்களும் இந்தத் தண்ணீரை ஒட்டியே வருகின்றன. மார்கழியில் குளம் 36 அடியைத் தொட்டு வான்கதவுகள் திறக்கப்படும்போது, பார்ப்பதற்கென்றே சனம் போகும். சைக்கிளில், மோட்டார் சைக்கிளில், பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு போவார்கள். பாய்கிற தண்ணீரோடு வரும் விராலையும் ஜப்பான் மீனையும் பிடிக்கத் தூண்டிலும் வலையுமாக நிற்பவர்கள் ஒரு பக்கம், கச்சான் விற்பவர் ஒரு பக்கம். வைகாசி, ஆனியில் காட்டுக்கரை ஊர்களில் பாலைப்பழம் வந்துவிடும். வாயெல்லாம் பால் ஒட்டும். அதைத் தின்றுவிட்டு ஒட்டிய உதட்டோடு சிரிக்காத பிள்ளை வன்னியில் இருக்க முடியாது. எருமைத் தயிரும் தேனும், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற பிளேன்ரீ, பின்னேரம் மதகில் இருந்து கதைக்கிற கதை, குடும்பம் முழுவதும் ஒரு பானையைச் சுற்றியிருந்து குடிக்கிற ஒடியல் கூழ். கூழைத் தனியாளுக்கென்று காய்ச்சுவதில்லை. மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று போடப் போட அது ஒரு வீட்டுக்குப் போதுமானதைத் தாண்டிவிடும். அயலையும் கூப்பிட வேண்டி வரும்.

பறவை பார்க்கிறவர்களுக்கு இன்னுமொரு கொடை உண்டு. இரணைமடுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் சுண்டிக்குளக் கடல்நீரேரி 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது, 2015 இல் தேசியப் பூங்காவானது. பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும் காலத்தில் அந்த நீரேரியைப் பார்ப்பதற்கு எந்தக் கட்டணமும் ஈடில்லை.

அதே தண்ணீர்தான் அழிக்கவும் செய்தது. திருத்தி உயர்த்தப்பட்ட இரணைமடு 2018 டிசம்பர் முற்பகுதியில் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிழமையில் கொட்டிய மழையில் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்ந்த ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. போருக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்குள் சேறு புகுந்தது. கதிர் வரவேண்டிய வயல்கள் அழுகின. வெள்ளம் வடிந்தபின் மறுபடி அதே சனம் அதே வயலில் இறங்கியது.

நல்ல விளைச்சல் வந்தால் தைப்பூசத்தில் புதிர். புது நெல்லைக் குத்திப் பொங்கி, சாமிக்குப் படைத்து, வீட்டாரோடும் அயலாரோடும் உண்பது. பங்குனி உத்தரத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோவது வழிவழியாக வரும் முறை. இலட்சக்கணக்கில் சனம் கூடும். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் லீவு எடுத்துக்கொண்டு வருவதும் இதற்குத்தான்.

அந்தப் பொங்கலை ஒட்டிய நாட்களிலேயே மே 18 உம் வருகிறது. வடக்குக் கிழக்கில் வீதியோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். கடைசி நாட்களில் சனத்தை உயிரோடு வைத்திருந்த அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் அந்தக் கஞ்சி. அந்த நாட்களின் பின்னர் பிறந்த பிள்ளைகளும் சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறார்கள். பொங்கலும் கஞ்சியும் ஒரே மாதத்தில், ஒரே சனத்தின் அடுப்பில் வேகின்றன. சந்தோசமாக இருக்க வேண்டுமென்றால் துக்கத்தை மறக்க வேண்டும் என்று சொல்பவர்கள் ஒரு வைகாசி மாதம் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் பல பத்தாண்டுகள் போரின் நடுவில் பணியாற்றியவர். வன்னியில் நடந்ததைப் பற்றி 2010 இல் வெளியான அவருடைய ஆய்வு ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்கிறது. காயப்பட்டது தனித்தனி மனிதர்களின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையுமே சிதைந்து போயின. இதைக் கூட்டு மனவடு என்கிறார். அதனால் குளிசை மட்டும் போதாது. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்பதும், செத்த வீட்டுச் சடங்குகளைச் செய்ய விடுவதும், கோவில் திருவிழாவும் கூத்தும் மறுபடி நடப்பதும் மருத்துவத்தின் பங்குதான் என்பது அவருடைய நிலைப்பாடு. சடங்கைப் பழமை என்று ஒதுக்குகிறவர்களும், உதவித் திட்டம் என்றால் கல்லும் சீமெந்தும் மட்டுமே என்று நினைக்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

சிலருக்கு வாழ்வதற்கான காரணம் சந்தோசம் அல்ல, ஒரு கேள்விக்குப் பதில். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அம்மாக்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் விடவில்லை. அவர்களுடைய வாழ்க்கையைச் சின்னச் சின்ன இன்பங்களால் விளக்க முயல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களுக்கு வேண்டியது நீதி. அதைத் தேடுவதே அவர்களை எழும்ப வைக்கிறது.

வன்னியை அழகான படமாக மட்டும் காட்டுவதும் பிழை. அறுவடை தொடங்கிய கையோடு நெல் விலை விழுகிறது. களஞ்சியம் இல்லாதவர் கிடைத்த விலைக்கு விற்கிறார். நுண்கடன் வாங்கிய பெண்கள் கிழமைக்கொரு தவணைக்கு அஞ்சுகிறார்கள். 2021 இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையும், 2022 இல் டீசலுக்கு நின்ற வரிசையும் கமக்காரரின் முதுகை முறித்தன. மது பல வீடுகளைத் தின்கிறது. இந்தச் சுமையில் சிலர் மனம் உடைந்து போகிறார்கள்.

அவர்களைப் பற்றி இலங்கை உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1995 இல் இந்த நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. கடும் நஞ்சுள்ள கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 1995 இலும் 1998 இலும் பெரிய தடைகள், 2008 முதல் 2011 வரை இன்னும் சில. விகிதம் மளமளவென்று குறைந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 வீதம் இறங்கியது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சலும் அதனால் குறையவில்லை.

இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உண்மையைக் கமக்காரர் வீடுகள் அறிய வேண்டும். சாக நினைத்தவர்களில் பெரும்பாலானோர் நீண்ட நாள் திட்டமிட்டவர்கள் அல்லர். பலருக்கு அந்த எண்ணம் அரை மணிநேரம்கூட இருந்ததில்லை. ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கடன்காரனின் சொல். அந்த நேரத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு தங்கள் ஆயுளை வாழ்ந்து முடிக்கிறார்கள். வாழத் தகுந்த காரணங்கள் அவர்களிடம் முன்னரும் இருந்தன. அந்த அரை மணியில் அவை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வயல் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். இந்தத் தைப்பூசத்துக்குப் புதிர் உண்ணும்போது, தனியாக இருக்கிற அயலவரை வாசலில் நின்று கூப்பிடுங்கள். சோற்றை அனுப்பி வைப்பதை விட ஆளை வரச் சொல்வது நல்லது. விதைப்புக்கும் சூடடிப்புக்கும் கை குறைகிறது என்று அவரிடம் உதவி கேளுங்கள். யாராவது வாழ்ந்து என்ன பயன் என்று சொன்னால் அதைச் சும்மா பேச்சென்று விட்டுவிடாமல் பக்கத்தில் இருங்கள். இலங்கையில் எங்கிருந்தும் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். தமிழிலும் பேசலாம்.