சேற்றுப்புண்ணும் வீட்டு மருந்தும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரே அந்நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு எனலாம். நாற்று நட்டும் களை பறித்தும் நாள் முழுதும் வயலில் நின்ற கால்களில், விரலிடுக்குத் தோல் ஊறி வெளுத்து, வெடித்து, அரித்து எரிந்தது. அதனைச் 'சேற்றுப்புண்' என்றனர். உடலில் வட்ட வட்டமாகப் பரவும் அரிப்பு நோயைப் 'படர்தாமரை' என்றனர். சேற்றில் தாமரை மலர்வது உலக வழக்கு. இவ்விரு நோய்களுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றே என்பதை இன்றைய மருத்துவம் உறுதி செய்கிறது. காலில் குடிகொண்ட பூஞ்சை, துவட்டிய துண்டின் வழியாகவும் சொறிந்த கையின் வழியாகவும் தொடையிடுக்கு, உடல், நகம் எனப் படர்ந்து செல்லும்.

நோயின் காரணம்

டிரைக்கோபைட்டான் ரூப்ரம் முதலிய பூஞ்சைகளே இந்நோயை உண்டாக்குவன. தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இவற்றின் உணவு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இவை செழித்து வளரும். காற்றுப் புகாத நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கில் நோய் முதலில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே சேற்றுப்புண் உழவர்க்கு மட்டும் உரியதன்று. நைலான் காலுறையும் மூடிய காலணியும் அணிந்து நாள் முழுதும் வியர்வையில் ஊறும் மாணவர்க்கும், பொதுக் குளியலறையில் வெறுங்காலுடன் நடக்கும் விடுதி வாழ்நர்க்கும் இது வரும். சேறு இல்லாமலும் சேற்றுப்புண் வரும். ஈரமின்றி வருதல் அரிது.

வழக்கிலுள்ள மருந்துகள்

நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது மருதாணி. இலையுடன் சிறிது மஞ்சள் சேர்த்து அரைத்து விரலிடுக்கில் பூசுவர். மருதாணிக்குச் சிவப்பைத் தரும் லாசோன் என்னும் பொருளுக்குப் பூஞ்சையை ஒடுக்கும் ஆற்றல் உண்டு என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. எனினும், கடைகளில் விற்கும் 'கருப்பு மருதாணி'யை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதில் கலக்கப்படும் சாயப்பொருள் தோலைப் புண்ணாக்கக்கூடும்.

வண்டுகொல்லி எனப்படும் சீமையகத்தியின் இலையில் கிரைசோபனிக் அமிலம் உள்ளது. படைநோய்க்கு இவ்விலையை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். பிலிப்பைன்சு நாட்டு நலவாழ்வுத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று.

வேம்பும் மஞ்சளும் பெரிதும் போற்றப்படுபவை. இவ்விரண்டையும் கலந்து 814 பேருக்குப் பூசி, 97 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறும் ஆய்வொன்று 1992இல் வெளிவந்தது. ஆயினும் அவ்வாய்வு சிரங்கு பற்றியது. சிரங்கு சிற்றுண்ணியால் வருவது. சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. ஒன்றின் சான்றை மற்றொன்றிற்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

பூண்டின் செய்தியும் இத்தகையதே. அதிலிருந்து பிரித்தெடுத்த அஜோயின் என்னும் பொருளைக் களிம்பாக்கிச் சோதித்தபோது சேற்றுப்புண் ஆறியது. ஆனால் பச்சைப் பூண்டை நசுக்கி விரலிடுக்கில் வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளிக்கும். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் அவ்வாறே கேடு செய்யும்.

முதல் மருந்து

மேற்கூறிய எந்த மருந்தும் ஈரக்காலில் பயன் தாராது. காலைச் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்த பின்னரே பூச வேண்டும். பூசியது காய்ந்ததும் மீண்டும் கழுவித் துடைக்க வேண்டும். காலுக்கெனத் தனித் துணி இருத்தல் நலம். பருத்திக் காலுறையை நாள்தோறும் மாற்றுதல், காலணியை வெயிலில் உலர்த்துதல், இல்லத்தில் காற்றுப்படக் காலை வைத்திருத்தல் ஆகியவை செலவில்லாத மருத்துவம்.

உளூச் செய்யும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது நம் வழக்கம். ஐவேளையும் கழுவும் கால் ஐவேளையும் உலர்ந்தால் அத்தூய்மை நலமாகவும் அமையும். வயலில் இறங்கும் பெண்களால் ஈரத்தைத் தவிர்க்க இயலாது. கரையேறியதும் நல்ல நீரில் கழுவித் துடைக்க உலர்ந்த துணி ஒன்று உடனிருப்பின், அதுவே பெருந்துணை.

வீட்டு மருந்தின் எல்லை

தோல் வெடித்த இடம், பிற நுண்ணுயிர்கள் உட்புகும் வாயில். நீரிழிவு உள்ளவர்க்குக் கால் உணர்ச்சி குன்றியிருக்கும். வலி தெரியாமலே சிறு வெடிப்பு பெரும்புண்ணாகிக் காலையே இழக்க நேரிடலாம். யானைக்கால் நோயாளர்க்கு அவ்வெடிப்பின் வழியே கிருமி புகுந்து, காய்ச்சலும் வீக்கமும் மீண்டும் மீண்டும் தோன்றும். இவ்விரு சாராரும் சேற்றுப்புண் கண்டவுடன் மருத்துவரை நாடுதல் வேண்டும். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றைக் கண்டால் எவரும் தாமதிக்கலாகாது. இரண்டு வாரத்தில் குணம் தெரியாவிடினும் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்புகளை, அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல் மருத்துவர் கூறிய காலம் முழுதும் பூச வேண்டும். அரிப்பு நின்ற பின்னும் பூஞ்சை எஞ்சியிருக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகவே வாங்கிப் பூசுவதோ பெருந்தவறு. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும்.

முடிவுரை

முன்னோர் தந்த மூலிகையைப் புறக்கணிக்கவும் வேண்டா. அதுவே முற்றும் போதுமென நம்பியிருக்கவும் வேண்டா. நம் வீடுகளில் உள்ள முதியோரின், குறிப்பாக நீரிழிவு உடையோரின், கால்விரலிடுக்குகளை இளையோர் நாள்தோறும் ஒருமுறை பார்த்துத் துடைத்துவிடுவாராயின், பல கால்கள் காக்கப்படும். அரைத்த இலையினும் உலர்ந்த துணியே முதல் மருந்து.