குனிந்த முதுகின் மௌனம்

இரும்பை மாகாளேசுவரர் ஆலயத்தைச் சேவித்துத் திண்டிவனம் பக்கம் செல்வோர், மணிலாக் கொல்லைகளில் குனிந்து செடி பிடுங்கும் பெண்களைக் கண்டு, அவர்களுடைய முதுகுத் தசைகள் கணமும் ஓயாமல் பிரயாசைப்படுவதாக இரங்குவது சகஜமே. ஆயினும் தசையின் மின்னலைகளை அளக்கத் தோல்மீது ஒட்டப்பெறும் மின்முனைகள் உரைக்கும் செய்தி விசித்திரமானது.

நரம்பின் ஆக்ஞை வந்தெட்டியதும் தசைநார்களில் சிறு மின்னலைகள் பரவுகின்றன. தோலுக்கு மேலே அவை ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கையும் எட்டுவது அரிது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இவற்றை விழுங்கிவிடாதபடி, இரு மின்முனைகளுக்கும் பொதுவானதைக் கழித்து, வேறுபாட்டை மாத்திரம் கருவி பெருக்குகிறது.

குனியத் தொடங்குகையில் முதுகுத் தசை உடலைத் தாங்கிப் பிடிக்க அலைகள் எழுகின்றன. உடல் முழுதும் மடிந்து தொங்கும்போதோ அவை பெரும்பாலும் அடங்கிவிட, பாரம் எலும்புகளைப் பிணைக்கும் நார்களின்மேல் சாய்கிறது. செடியைப் பறித்து நிமிர்கையில் தசை மறுபடி விழிக்கிறது. நாட்பட்ட இடுப்புவலிக்காரர் பலரிடம் இந்த மௌனம் வாய்ப்பதில்லை. நோயாளி சொல்லாததையும் முதுகு சொல்லிவிடுகிறது என்பேன்.

சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் புஜத்தின் இருதலைத் தசை களைப்புறும் விதத்தை இம்முறையால் ஆராய்ந்துள்ளனர். களைப்பு மிகமிக அலைகள் மெதுவாகின்றன. ஆனால் இம்முறைக்கு எல்லைகளும் உண்டு: தோலடிக் கொழுப்புப் படலம் அலையை மங்கச் செய்யும். அண்டைத் தசையின் அலையும் கலக்கும். ஆகவே ஒரே பதிவைக் கொண்டு நோயைத் தீர்மானித்தல் தகாது.