புதர் மண்டிய மூங்கிலைத் திருத்தும் கருவிகள்

மணலி புதுநகருக்கு மேற்கிலும் வடக்கிலும், விச்சூர், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம் முதலிய ஊர்ப் பக்கங்களில், ஆலைகளுக்கும் கொள்கலன் கிடங்குகளுக்கும் நடுவே விளைநிலங்கள் இன்னும் இருக்கின்றன. அந்நிலங்களின் வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் முன்னோர் வைத்த மூங்கிற் குத்துகள் சில, பல்லாண்டுகளாக எவரும் உள்ளே நுழையாமையால், முள்ளும் காய்ந்த கழியும் பின்னிப் புதராகி நிற்கின்றன. இவற்றைத் தொலைக்க எந்த இயந்திரத்தை வாங்கலாம், அதற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று அங்கத்தினர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. குத்தை அடியோடு அழிக்கப் போகிறோமா, அல்லது திருத்திப் பயன்கொள்ளப் போகிறோமா? இரண்டுக்கும் கருவி வேறு, காலமும் வேறு.

நம் பக்கத்தில் சாதாரணமாகக் காணப்படுபவை முள்மூங்கிலும் கல்மூங்கிலும் ஆகும். இரண்டும் குத்தாகவே வளர்பவை. சீன, ஜப்பான் தேசங்களைச் சேர்ந்த சில மூங்கில்களின் வேர்க்கிழங்கு நிலத்துக்கடியில் நெடுந்தூரம் ஓடி, அண்டை வீட்டுத் தோட்டத்திலும் தலைகாட்டும். அதைத் தடுக்க அகழி வெட்டுவதையும், மண்ணுக்குள் தடுப்புச் சுவர் புதைப்பதையும் பற்றி மேல்நாட்டார் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த யோசனைகளை நம் குத்துக்குப் பின்பற்றிப் பணத்தை மண்ணில் போட வேண்டியதில்லை. நம் மூங்கில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் விரிகிறது, அவ்வளவே. மழைக்காலத்தில் புதுமுளை குத்தின் வெளியோரத்தில் எழும்பி, மூன்று நான்கு மாதங்களில் தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன்பின் அது பருப்பதில்லை. முற்றி உறுதிப்படுவதற்கு மட்டும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே முற்றிய கழிகள் நடுவிலும், இளங்கழிகள் சுற்றிலும் நிற்கும். வெட்ட வேண்டியவை உள்ளே இருக்கின்றன. வெட்டக் கூடாதவை வழியை மறித்துக் கொண்டு வெளியே நிற்கின்றன. மூங்கில் வேலையின் சங்கடம் முழுவதும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது.

சரி, குத்து புதராவது ஏன்? கவனிப்பின்மை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆயினும் ஒரு பழைய குத்தின் அடியைக் குனிந்து பார்த்தால் வேறு காரணமும் தென்படும். இடுப்பு உயரத்தில், சில இடங்களில் மார்பு உயரத்திலும், வெட்டி விடப்பட்ட மொட்டைக் கட்டைகள் நெருக்கமாக நிற்கும். முன்னே வெட்டியவர் சோம்பலால் அப்படி விட்டாரென்று எண்ணுவது தவறு. அவர் கையில் இருந்தது அரிவாள். அரிவாளுக்கு வீச்சு வேண்டும். வீச்சுக்குச் சுற்றிலும் மூன்றடி வெற்றிடம் வேண்டும். முள்மூங்கிலின் அடிப்பாகத்திலோ முட்கிளைகள் கம்பிவலை போலப் பின்னிக் கிடக்கின்றன. கை எட்டிய உயரத்தில், முள் சற்றுக் குறைந்த இடத்தில் அவர் வெட்டினார். அந்தக் கட்டைகள் அடுத்த ஆண்டின் முளைகளுக்கு இடம் விடவில்லை. முளைகள் வளைந்தும் நெளிந்தும் மேலேறின. அவற்றை வெட்ட வந்தவர் அதனினும் உயரத்தில் வெட்டினார். இவ்வாறு கருவியின் குறை குத்தின் குறையாக ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்திருக்கிறது.

எனவே குத்தைத் திருத்த விரும்பும் அங்கத்தினர் முதலில் வாங்க வேண்டியது, விலை குறைந்த ஒரு கைரம்பமே. பழத்தோட்டக்காரர்கள் கவாத்துக்கு உபயோகிக்கும் வளைந்த ரம்பம் இதற்கு மிகவும் ஏற்றது. பத்து முதல் பன்னிரண்டு அங்குல அலகு போதும். தள்ளும்போது அறுக்கும் தச்சு ரம்பம் நெருக்கமான இடத்தில் வளைந்து மாட்டிக்கொள்ளும். கவாத்து ரம்பமோ தன்பக்கம் இழுக்கும்போது அறுப்பதால் ஒரு சாண் இடைவெளியிலும் வேலை செய்யும். இரும்பு அறுக்கும் ரம்பத்தைச் சிலர் முயன்று பார்க்கிறார்கள். மெல்லிய கழிக்கு அது சரி. பருத்த கழியில் அதன் மேற்சட்டம் இடித்துப் பாதியில் நின்றுவிடும். ரம்பத்தின் பல் பொடியாக இருப்பது நல்லது, பெரும்பல் நாரைப் பிய்த்துக் கழியைச் சிதைக்கும். மூங்கிலின் மேல்தோலில் மணற்சத்து மிகுதி. ஆதலால் எந்த அலகும் விரைவில் மழுங்கும். மாற்று அலகு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

அறுக்க வேண்டிய இடம் தரையிலிருந்து அரையடிக்கும் ஓரடிக்கும் இடையில், ஒரு கணுவுக்குச் சற்றே மேலாகும். கணுவுக்கு மேல் நீளமாக விட்டால் கட்டை ஒரு குவளையாகி மழைநீரைத் தேக்கும். கட்டை அழுகுவது ஒருபுறம் இருக்க, அதில் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவினத்திற்கு மூங்கிற் கட்டையில் தேங்கும் நீர் பிடித்தமான இடம். வடசென்னையில் இருப்பவர்க்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமோ?

அரிவாள் பயனற்றதென்று இதனால் கொள்ளலாகாது. பக்கக் கிளைகளைக் கழிக்கவும், விழுந்த கழியைச் சீவவும் அதற்கு நிகரில்லை. முன்னதாகச் செய்ய வேண்டியது துறட்டியின் வேலை. நீண்ட கழியின் நுனியில் கட்டிய துறட்டியால், வெளியே நின்றபடியே முட்கிளைகளை இழுத்து அறுத்து, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வழி செய்ய வேண்டும். பின் புதுமுளைகள் குறைவாக உள்ள பக்கத்தில் தொடங்கி, நடுவிலுள்ள முதிர்ந்த கழிகளை அறுத்துக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். வேலை முடிந்தபின் மேலிருந்து பார்த்தால் குத்து குதிரை லாட வடிவில் இருக்கும். அடுத்த ஆண்டு வெட்டுபவர் அந்த வாசல் வழியே நேரே உள்ளே போகலாம். இளங்கழியை அடையாளம் காண்பது எளிது. ஓராண்டுக் கழியில் மடல் ஒட்டியிருக்கும், பச்சை நிறத்தின்மேல் வெண்பொடி படிந்திருக்கும். முற்றிய கழி மங்கிய நிறமாகி, பாசித் திட்டுகளோடு காணப்படும். ஓராண்டு, ஈராண்டுக் கழிகளைத் தொடக் கூடாது. முற்றியவற்றிலும் சிலவற்றை இளங்கழிகளுக்குத் துணையாக விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் அடுத்த பெருங்காற்றில் இளங்கழிகள் சாய்ந்துவிடும்.

அறுத்த கழி உடனே விழாது. உச்சியில் மற்றவற்றோடு பின்னிக் கொண்டு நிற்கும். அதை நுனியைப் பிடித்து இழுத்தால் கிளைகள் எதிர்த்து மாட்டும். அடியில் கயிற்றைக் கட்டி அடிப்பக்கமாக இழுத்தால், கிளைகள் மடக்கிய குடை போல ஒடுங்கி வழுவி வரும். பத்துக்கெசக் கயிறு ஒன்றும் இரண்டு ஆட்களும் இதற்குப் போதும். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இந்த வேலையைச் செய்து தராது.

இனி இயந்திரங்களைக் கவனிப்போம். பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம், வழி திறந்தபின், பருத்த கழிகளையும் காய்ந்த பழங்கட்டைகளையும் விரைவில் முடிக்க உதவும். சிறு பற்சங்கிலி பூட்டியதாக இருக்க வேண்டும். பெரும்பற்சங்கிலி, உள்ளீடற்ற கழியைக் கவ்வி உதறிப் பிளந்துவிடும். புதருக்குள் முதலிலேயே இதைக் கொண்டு நுழைவது ஆபத்து. அலகின் நுனி ஏதாவது கழியில் பட்டால் ரம்பம் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும் கூடாது. பழகாத அங்கத்தினர் இதை வாங்குவதைவிட, பழகிய ஆளுடன் வாடகைக்கு அமர்த்துவதே மேல் என்பது என் அபிப்பிராயம். தோளில் மாட்டும் ‘பிரஷ் கட்டர்’ குத்தைச் சுற்றியுள்ள களைக்கும் விரற்பருமன் செடிகளுக்கும் உரியது. குத்தை அதனால் வெட்ட முயல்வது வீண். ஜே.சி.பி. இயந்திரமோ திருத்தும் கருவியே அன்று. அது அழிக்கும் கருவி.

எந்தக் கருவியாயினும், வளைந்து விசையேறி நிற்கும் கழியிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வில் போல வளைந்த கழியின் வெளிப்பக்கத்தில் ஒரே வீச்சாக வெட்டினால், அது நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி வெட்டியவர் மார்பையோ தாடையையோ தாக்கும். உட்பக்கத்தில் முதலில் சிறிது அறுத்து, பின்பு வெளிப்பக்கத்தில் மெதுவாக அறுக்க வேண்டும். கழி திரும்பும் திசையில் எவரும் நிற்கக் கூடாது. மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு அல்லது அதன் அருகே சாய்ந்து நிற்கும் குத்தில், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தும் வரை கை வைக்கலாகாது. பச்சை மூங்கிலில் மின்சாரம் பாயும். தோற்கையுறை, மூடிய காலணி, கண்ணுக்குக் கண்ணாடி ஆகிய மூன்றும் ரம்பத்தோடு சேர்ந்த செலவென்றே கொள்க. நுழையுமுன் நீண்ட கோலால் அடித்து ஓசையெழுப்பினால் பாம்பு விலகும். முள் ஆழமாகத் தைத்தால் தயங்காமல் ஆஸ்பத்திரி சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தீ வைத்து விடலாமே என்பாரும் உளர். மூங்கிலின் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வேட்டுப்போல் வெடிக்கும். நெருப்புத் துண்டுகள் தூரத்தில் போய் விழும். ஆலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் நிறைந்த இப்பகுதியில் அதை நினைப்பதே தகாது. மேலும் வேர்க்கிழங்கு தீயில் சாவதில்லை. மழை வந்தால் மறுபடி முளைக்கும்.

அழித்தே தீர வேண்டிய குத்துகளும் இல்லாமல் இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தை நெருக்குபவை, பூத்து முடிந்தவை ஆகிய இரண்டும் அவ்வகை. முள்மூங்கில் சுமார் 40 முதல் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, மூங்கிலரிசியை உதிர்த்துவிட்டு, குத்தோடு காய்ந்து போகும். அதைத் திருத்துவதற்கில்லை. உயிருள்ள குத்தை ஆட்களைக் கொண்டே அழிப்பதானால், எல்லாக் கழிகளையும் அறுத்துவிட்டு, மழையில் எழும் புதுமுளைகள் உயர்ந்து இலைவிடுமுன் அவற்றையும் வெட்ட வேண்டும். கிழங்கில் சேர்ந்த சத்து இவ்வாறு செலவாகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் குத்து ஓயும். அவசரமானால் ஜே.சி.பி. கொண்டு கிழங்கைப் பெயர்க்கலாம். அது பரந்து கிடக்குமேயன்றி மிக ஆழம் இறங்குவதில்லை. களைக்கொல்லி தெளிப்பதை நான் ஆதரிக்கவில்லை. கிளைபோசேட் என்னும் மருந்தை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியாக மட்டுமே உபயோகிக்கலாம் என மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் கட்டளையிட்டது. நம் வாய்க்கால்களின் நீர் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து அங்குள்ள மீனவர் அடைந்த துன்பத்தை நாம் கண்டிருக்கிறோம்.

வாய்க்கால் கரைக் குத்தின் விஷயத்தில் இன்னும் நிதானம் தேவை. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் கொசஸ்தலையாறு பெருகி மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது. சாய்ந்த கழிகள் குப்பையைத் தடுத்து நீரோட்டத்தை மறிக்கின்றன என்பது உண்மை. அதே குத்தின் வேர்கள் கரையின் மண்ணைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. கிழங்கைப் பெயர்த்த பள்ளத்தில் இட்ட புதுமண் அடுத்த வெள்ளத்தை எப்படித் தாங்கும்? நீர்ப்பக்கம் சாய்ந்த கழிகளையும் காய்ந்தவற்றையும் ரம்பத்தால் அறுத்து நீக்கி, வேரை விட்டுவைப்பதே அங்குச் செய்யத்தக்கது. கரை புறம்போக்காயின் நீர்வளத்துறையாரின் அனுமதியும் அவசியம். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் ‘மரம்’ என்பதன் பொருளிலிருந்து மூங்கில் 2017இல் நீக்கப்பட்டது. எனினும் நம் மாநிலத்துக்கு 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் தனியே உண்டு. ஆதலால் சொந்த நிலத்துக் கழியேயாயினும் லாரியில் ஏற்றுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்க.

கடன் கேட்ட அங்கத்தினருக்கு இப்போது விடை சொல்லலாம். துறட்டி, கவாத்து ரம்பம் இரண்டு, கயிறு, கையுறை ஆகியவற்றுக்குக் கடனே வேண்டுவதில்லை. ஒருவர் ஆண்டில் நான்கு நாள் மட்டுமே உபயோகிக்கும் கருவியை ஐம்பது பேர் தனித்தனியே வாங்குவது எதற்கு? சங்கமே இரண்டு தொகுதிகள் வாங்கி, சிறு வாடகைக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். 1904இல் நம் மாவட்டத்துத் திரூரில் பதிவான சங்கம் முதற்கொண்டு, தனியொருவரால் ஆகாததைச் சேர்ந்து செய்வதற்கே சங்கங்கள் ஏற்பட்டன. பெரிய இயந்திரம் வேண்டின், வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி மூலம் வாடகைக்கு விடுகிறது. ஒரு சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைத் தணிக்கை செய்தபோது, ஆர்வத்தோடு வாங்கிய இயந்திர ரம்பம் ஒன்று உறையும் பிரிக்காமல் துருவேறிக் கிடந்தது. ஓட்டத் தெரிந்தவர் எவரும் அங்கு இல்லை. வாங்கும் தீர்மானத்திலேயே, யார் உபயோகிப்பார், யார் தீட்டி வைப்பார் என்பதையும் எழுதிவிடுவது நலம்.

வெட்டும் காலம் தை முதல் பங்குனி வரையாகும். புதுமுளை எழும் மழைக்காலத்தில் உள்ளே நுழைந்தால் முளைகள் மிதிபடும். வெட்டிய கழியைத் துளைக்கும் பொடிவண்டு அதிலுள்ள மாச்சத்தை நாடியே வருகிறது. குட்டையிலோ ஓடும் வாய்க்காலிலோ சில வாரம் ஊறப்போட்டு, பின் நிழலில் உலர்த்தினால் மாச்சத்து கரைந்து கழி நெடுநாள் உழைக்கும். அவ்விதம் பதப்படுத்திய கழி வாழைக்கு முட்டுக் கொடுக்கவும், பந்தலுக்கும் ஆகும். பழவேற்காட்டில் படகு தள்ளவும், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவாளர் சாயமேற்றிய நூற்சிட்டங்களை உலர்த்தவும் ஆகும். நெசவாளர் சங்கத்தார் எத்தனை அடிக் கழி, என்ன பருமனில் வேண்டுமென்று மார்கழிக்குள் எழுதித் தெரிவித்தால், விவசாய அங்கத்தினர் அந்த அளவுக்கே பார்த்து அறுத்துக் கட்டுக் கட்டி வைக்கலாம்.